கால் நெல் எடை: பெல்லட் கூடினா குறைஞ்சா குறி எவ்வளவு தப்பும்?

(பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார். அவர் பொண்ணு பத்தாம் வகுப்பு, 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுது. "பெல்லட்டை ஒவ்வொண்ணா எடை போட்டுப் பிரிச்சு வச்சா ஸ்கோர் கூடும்னு வெளிநாட்டு வீடியோவுல சொல்றாங்க. அதுக்கு மில்லிகிராம் காட்டுற தராசு வேணுமாம். குறுவை நெல்லுப் பணம் கையில இருக்கு. தராசு வாங்கலாமா, இல்ல அந்தக் காசுக்குக் கூட நாலு டப்பா பெல்லட் வாங்கிக் கொடுக்கட்டுமா?" இதுதான் கேள்வி.

வாங்குங்க, வாங்காதீங்கன்னு ஒரே வார்த்தையில சொல்லிடலாம். ஆனா ஏன்னு தெரியாம சொன்னா அடுத்த மாசம் வேற வீடியோ பார்த்துட்டு வேற கேள்வி வரும். அதனால இன்னிக்கு முழுக்க எடை பத்திதான் பேசப் போறேன். கணக்கு வரும். பத்தாம் வகுப்பு இயற்பியலைத் தாண்டிப் போகாது, பயப்படாதீங்க.

முதல்ல அந்த வீடியோக்காரங்க யாருன்னு பார்த்துடுவோம். அமெரிக்காவுல தோட்டாவை வீட்டுலயே தயார் பண்றது ஒரு பெரிய பொழுதுபோக்கு. ஹேண்ட்லோடிங்னு பேரு. அவங்க தோட்டாவின் முனையில இருக்கிற குண்டை ஒவ்வொண்ணா எடை போட்டு, ஒரே எடையுள்ளதை ஒரு பெட்டியில போட்டுப் பிரிப்பாங்க. 600 கஜம், 1000 கஜம் தூரத்துக்குச் சுடுறவங்க அவங்க. நம்ம நாட்டுல அந்தப் பேச்சே கிடையாது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம். அதனால அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம். ஆனா 'குண்டு எல்லாம் ஒரே எடையில இருந்தா குறி நேரா வருமா?' என்கிற கேள்வி இருக்கே, அது ஏர் ரைஃபிள் பெல்லட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

அவங்க குண்டு எடையைச் சொல்ற அலகுக்குப் பேரு கிரெயின். கிரெயின்னா தானியம்தான். ஒரு பார்லி மணியின் எடையிலிருந்து வந்த அளவு அது. இன்னிக்குக் கணக்குல 64.8 மில்லிகிராம். நம்ம ஆசாரிங்க குன்றிமணி போட்டுத் தங்கம் நிறுத்த மாதிரிதான். குன்றிமணி ஒண்ணு சுமார் 120 மில்லிகிராம் வரும். போட்டிக்குச் சுடுற 4.5 மி.மீ. பெல்லட் சாதாரணமா 0.53 கிராம். அதாவது எட்டு கிரெயினுக்குக் கொஞ்சம் மேல, நாலரைக் குன்றிமணி.

டெல்டாக்காரங்களுக்கு இன்னும் சுலபமா சொல்றேன். நெல்லுக்கு 'ஆயிரம் மணி எடை'ன்னு ஒரு கணக்கு உண்டு. 1922லிருந்து ஆடுதுறையில இருக்கிற நெல் ஆராய்ச்சி நிலையத்துல ரகம் ரகமா இதைத்தான் குறிச்சு வைப்பாங்க. சன்ன ரகம், மோட்டா ரகத்தைப் பொறுத்து ஆயிரம் நெல் 15லிருந்து 25 கிராம் வரை இருக்கும். நடுவுல 20 கிராம்னு வச்சுக்கிட்டா, ஒரு நெல்லு 20 மில்லிகிராம். பெல்லட்டோட எடையில ஒரு சதவீதம்ங்கிறது 5 மில்லிகிராம் சொச்சம். அதாவது ஒரு நெல்லுல கால்வாசி. அந்தக் கால் நெல்லு கூடினா என்ன ஆகும், குறைஞ்சா என்ன ஆகும்? இதுதான் இன்னிக்குக் கேள்வி.

கணக்குக்கு வருவோம். ஏர் ரைஃபிள் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவு ஆற்றலைத்தான் கொடுக்கும். பெல்லட் ஒரு சதவீதம் கனமா இருந்தா, வேகம் அரை சதவீதம் குறையும். நொடிக்கு 175 மீட்டர் வேகத்துல போற பெல்லட் 10 மீட்டரைக் கடக்க 0.057 நொடி ஆகும். அந்த நேரத்துக்குள்ள புவியீர்ப்பு அதைச் சுமார் 16 மி.மீ. கீழே இழுக்கும். சைட்டை அதுக்குத் தகுந்த மாதிரி வச்சிருப்போம், அதனால நமக்குத் தெரியாது. இப்போ வேகம் அரை சதவீதம் குறைஞ்சா இறக்கம் ஒரு சதவீதம் கூடும். 16 மி.மீ.ல ஒரு சதவீதம், 0.16 மி.மீ. அவ்வளவுதான். கால் நெல்லு கூடினா குறி 0.16 மி.மீ. கீழே போகும்.

இது பெரிசா சிறிசா? டார்கெட்டைப் பார்க்கணும். ஏர் ரைஃபிள் டார்கெட்டோட மொத்த விட்டமே 45.5 மி.மீ.தான். நடுவுல இருக்கிற பத்துங்கிறது வளையம்கூட இல்ல, அரை மி.மீ. புள்ளி. எலக்ட்ரானிக் டார்கெட்ல 10.0லிருந்து 10.9 வரை தசமத்துல மார்க் வரும். ஒவ்வொரு தசமத்துக்கும் 0.25 மி.மீ. நடுவை விட்டுக் கால் மி.மீ. தள்ளிப் போனா 0.1 போச்சு. ஆக, கால் நெல்லு எடை வித்தியாசம் ஒரு தசமத்துக்குக்கூட முழுசா வரல.

அப்ப தராசு வேண்டாம்னு முடிச்சுடலாமான்னா, அதுக்குள்ள ஒரு பெயரைச் சொல்லணும். இளவேனில் வாலறிவன். கடலூர்ல 1999ல பிறந்து அகமதாபாத்துல வளர்ந்த பொண்ணு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றுல 630.7 எடுத்தாங்க. மொத்தம் 60 ஷாட், அதிகபட்சம் 654. பத்தாவது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் ஃபைனல். அதே சுற்றுல ரமிதா ஜிந்தால் 631.5 எடுத்து அஞ்சாவதா உள்ளே போனாங்க. அஞ்சாவது இடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் வித்தியாசம் 0.8. இப்போ தசமத்தை மி.மீ. ஆக்கிப் பாருங்க. எட்டுத் தசமம், ஒவ்வொண்ணும் கால் மி.மீ. மொத்தம் 2 மி.மீ. அறுபது ஷாட்டையும் சேர்த்து ரெண்டே மி.மீ.! இதுக்கும் பெல்லட் எடைக்கும் சம்பந்தம்னு நான் சொல்ல வரல, அப்படிச் சொல்ல யாராலயும் முடியாது. அந்த மட்டத்துல எவ்வளவு சின்ன அளவுகளுக்குள்ள சண்டை நடக்குதுன்னு காட்டத்தான் சொன்னேன்.

இங்க பலரும் ஒரு தப்புக் கணக்குப் போடுவாங்க. "ஒரு ஷாட்டுக்கு 0.16 மி.மீ., அறுபது ஷாட்டுக்கு அதை அறுபதால பெருக்கணும், அப்போ பெரிய நஷ்டமாச்சே?" அப்படி வராது. சுடுறவங்க கை ஆடுறது ஒரு பக்கம், பெல்லட் தப்புறது இன்னொரு பக்கம். ஒண்ணு மேல தள்ளும்போது இன்னொண்ணு கீழே தள்ளும். சில சமயம் நல்லதுகூடப் பண்ணும். ரெண்டு தப்பையும் நேரா கூட்டக் கூடாது, பிதாகரஸ் தேற்றத்துல கூட்டுற மாதிரி வர்க்கமாக்கிக் கூட்டணும். சராசரி 9.8 எடுக்கிற ஒரு மாணவி நடுவிலிருந்து சராசரியா 2.75 மி.மீ. தள்ளிச் சுடுறா. அதோட 0.16ஐச் சேர்த்தா 2.91 ஆகாது, 2.755தான் ஆகும். அறுபது ஷாட்டுக்கும் சேர்த்து அவளுக்கு நஷ்டம் ஏறக்குறைய 0.1 மார்க். சராசரி 10.5 எடுக்கிறவங்களுக்கு அதே எடை வித்தியாசத்துல 0.3 மார்க் போகும். ஒலிம்பிக்ல 0.3 ஒரு இடத்தை மாத்தும். மாவட்டப் போட்டியில 0.1 ஒண்ணும் பண்ணாது. அதுக்குப் பதிலா தினம் இருபது நிமிஷம் சும்மா ரைஃபிளைத் தூக்கிப் பிடிச்சு நின்னா பத்து மார்க் கூடும்.

இதுவரைக்கும் சொன்னது 'எடை' மட்டும். உண்மையான விஷயம் இதுக்கு அப்புறம்தான் வருது. கடலூரை மறுபடி ஒரு தடவை பார்த்துட்டு வரணும்.

கடலூர் தேவனாம்பட்டினத்துல, கெடிலம் ஆத்து முகத்துவாரம் பக்கம், செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. இன்னிக்கு இடிபாடுதான். 1749ல தஞ்சாவூர் அரசுரிமைச் சண்டையில கம்பெனிக்காரங்க தலையிட்டு, கொள்ளிடம் கடலோட சேர்ற இடத்துல இருந்த தேவிக்கோட்டையைப் பிடிச்சாங்களே, அந்தப் படையெல்லாம் இங்கிருந்துதான் கிளம்பிச்சு. அதுக்கு அடுத்த வருஷம், 1750ல, கோட்டைகளைச் சரிபண்ணித் தரச் சொல்லிக் கம்பெனி அனுப்பின ஒரு இன்ஜினியர் வந்து சேர்ந்தார். பேரு பெஞ்சமின் ராபின்ஸ். 1751 ஜூலைல காய்ச்சல்ல அந்தக் கோட்டையிலேயே செத்துப் போயிட்டார்.

யார் இந்த ராபின்ஸ்? குண்டு எப்படிப் பறக்குதுன்னு முதன்முதலா ஒழுங்கா அளந்து பார்த்தவர். பெரிய மரக்கட்டையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு, அதுல குண்டைச் சுட்டு, ஊஞ்சல் எவ்வளவு ஆடுதுன்னு பார்த்து வேகத்தைக் கணக்குப் போட்டார். 1742ல புத்தகமா எழுதினார். மூணு வருஷத்துல அதை ஜெர்மன்ல மொழிபெயர்த்தவர் சாதாரண ஆள் இல்ல, கணித மேதை ஆய்லர். ராபின்ஸ் பார்த்த ஒரு விசேஷம்: உருண்டைக் குண்டு நேரா போகாம வளைஞ்சு போகுது. அது பேரல் சுவத்துல உரசிக் கண்டபடி சுழல ஆரம்பிக்குது, அந்தச் சுழற்சிதான் காத்துல அதை ஒரு பக்கமா இழுக்குதுன்னார். நம்ம ஸ்பின்னர் போடுற பந்து காத்துலயே விலகுதே, அதேதான். ஆய்லர் ஒத்துக்கல. சுழற்சியால வராது, குண்டு சரியா உருண்டையா வார்க்கப்படாததால வர்ற கோளாறுன்னார். சுழற்சி விஷயத்துல ராபின்ஸ்தான் சரி. ஆனா ஆய்லரோட சந்தேகம், அதாவது குண்டோட அமைப்புலயே கோணல் இருக்கலாம்ங்கிறது, நம்ம பெல்லட்டுக்கு ரொம்ப முக்கியம்.

தஞ்சாவூர்க்காரங்க குண்டுன்னதும் கீழவாசல் பீரங்கி மேட்டைத்தான் நினைப்பாங்க. ரகுநாத நாயக்கர் காலத்துப் பீரங்கி, ஏழரை மீட்டர் நீளம், சுமார் 22 டன். வார்த்தது இல்ல, இரும்புப் பட்டைகளை நீளவாக்குல அடுக்கி, மேல வளையம் வளையமா காய்ச்சி அடிச்சு ஒட்டினது. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்ரமணியம் குழுவினர் 2004ல அதைப் பத்தி விரிவா எழுதியிருக்காங்க. அந்த மாதிரி பீரங்கிக்குக் குண்டு எடை ஒண்ணு ரெண்டு சேர் முன்னப் பின்ன இருந்தா யாருக்கும் கவலை இல்ல; எதிர்ல கோட்டை வாசலே நிக்குது. நம்ம குறி அரை மி.மீ. புள்ளி.

ராபின்ஸுக்கு வருவோம். குண்டு கண்டபடி சுழல்றதுதான் பிரச்சினைன்னா, அதை நாமளே ஒரே அச்சுல சுழல வச்சிட்டா? அதுக்குத்தான் பேரலுக்குள்ள திருகு மாதிரி வரிப்பள்ளம். ரைஃபிள்ங்கிற பேரே அதிலிருந்து வந்ததுதான். ஏர் ரைஃபிள் பேரல்ல ஏறக்குறைய 450 மி.மீ. நீளத்துக்கு ஒரு சுத்து இருக்கும். பெல்லட் வெளியே வரும்போது நொடிக்கு 390 சுத்து சுத்துது.

இப்போ ஒரு பெல்லட்டுக்குள்ள ஒரு பக்கமா சின்னக் காத்துக்குமிழ் இருக்குன்னு வைங்க. ஈயம் அந்த இடத்துல இல்ல. அதனால எடையோட மையம் நடு அச்சுல இல்லாம இந்தப் பக்கம் தள்ளி நிக்கும். பேரலுக்குள்ள இருக்கிற வரைக்கும் பேரல் அதைப் பிடிச்சு வச்சு நடுவுல சுத்த வைக்கும். வெளியே வந்ததும் பிடி விட்டுப் போகுது. கவண்ல கல்லைச் சுத்தி விட்ட மாதிரி, அந்த நொடியில மையம் எந்தப் பக்கம் போயிட்டிருந்ததோ அந்தப் பக்கம் பெல்லட் வீசப்படும்.

எவ்வளவு வீசப்படும்? மையம் 0.01 மி.மீ. விலகியிருந்தா, 10 மீட்டர்ல 1.4 மி.மீ. தள்ளிப் போகும். ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குக்கு இவ்வளவு! இதுல வேகம் ஒரு பொருட்டே இல்ல. வேகமா போனா வேகமா சுத்தும், சீக்கிரம் போய்ச் சேரும், ரெண்டும் சரியாப் போயிடும்.

அதே கால் நெல்லை இப்போ மறுபடி எடுங்க. பெல்லட்டோட எடையில ஒரு சதவீதம் குறையுது, ஆனா சுத்திலும் சமமா குறையாம, அச்சிலிருந்து ஒன்றரை மி.மீ. தள்ளி ஒரே இடத்துல குறையுதுன்னு வச்சுக்குங்க. மையம் 0.015 மி.மீ. நகரும். டார்கெட்ல 2 மி.மீ.க்கு மேல தள்ளும். சமமா குறைஞ்சா 0.16, ஒரு பக்கமா குறைஞ்சா 2.1. தராசுல ரெண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும்! பதிமூணு மடங்கு வித்தியாசம் தராசுக்குத் தெரியவே தெரியாது. அந்த 2 மி.மீ. நடுவை விட்டு வெளிப்பக்கமா போனா, ஒரே ஷாட்ல எட்டுத் தசமம். முன்னாடி சொன்ன 0.8 ஞாபகம் இருக்கா? அறுபது பெல்லட்ல ஒரே ஒரு கோணல் பெல்லட் அதைத் தின்னுடும்.

ஆக எடை போடுறதுக்கு ஒரே ஒரு நியாயம்தான் இருக்கு. எடைக்காக இல்ல. கூட்டத்துல ஒண்ணு மட்டும் தனியா குறைஞ்சு நின்னா, அதுக்குள்ள ஏதோ கோளாறுன்னு சந்தேகப்படுறதுக்கு. பதரைத் தூத்தி எடுக்கிறோமே, அந்த மாதிரி. நல்ல மணியை எடைவாரியா அடுக்கி வைக்கிற வேலை வீண்.

அமெரிக்காவுல ஃபிராங்க்ளின் மான்னு ஒரு டாக்டர் இருந்தார். பல வருஷம் வேணும்னே குண்டுகளைச் சிதைச்சுச் சிதைச்சுச் சுட்டுப் பார்த்து 1909ல புத்தகம் போட்டார். குண்டோட முனையைக் கெடுத்தா அவ்வளவா ஒண்ணும் ஆகல. பின்பக்கத்தைக் கெடுத்தா குறி எங்கயோ போச்சு. பெல்லட்டுக்கும் பின்பக்கம்தான் உயிர். பாவாடை மாதிரி மெல்லிசா விரிஞ்சிருக்கே, ஸ்கர்ட்னு சொல்வாங்க, அது ஒரு பக்கம் நசுங்கியிருந்தா காத்து அந்தப் பக்கமா முன்னாடி பிச்சுக்கிட்டு வந்து பெல்லட்டைச் சாய்ச்சுடும். நசுங்கின ஸ்கர்ட்டோட எடை மாறாது. தராசு 'சரி'ன்னுதான் சொல்லும். வெளிச்சத்துல திருப்பிப் பார்க்கிற கண்ணுதான் அதைப் பிடிக்கும். டப்பாவை பஸ்ல பைக்கு அடியில போட்டுக் குலுக்கிக் கொண்டுவர்றது, ஸ்டேஷன் தரையில கீழே போட்டதை எடுத்து மறுபடி டப்பாவுல சேர்க்கிறது, இதெல்லாம் நிறுத்தணும். இன்னொண்ணு நம்ம ஊர் ஈரம். ஐப்பசி கார்த்திகை மழையில மூடி சரியா மூடாத டப்பாவுல ஈயம் வெளுத்துப் பொடி படியும். உலர்ந்த இடத்துல இறுக்கி மூடி வைங்க.

கும்பகோணம் நேயருக்கு என் பதில்: தராசு இப்போ வேண்டாம். அந்தக் காசுல பெல்லட் வாங்குங்க, ஆனா சும்மா நாலு டப்பா வாங்காதீங்க. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஆனா வேற வேற தயாரிப்பு எண் இருக்கிற டப்பா ரெண்டு மூணு முதல்ல வாங்குங்க. தலைப்பக்க அளவு 4.49, 4.50, 4.51னு டப்பாவுல போட்டிருக்கும், அதையும் மாத்திப் பாருங்க. ரைஃபிளை கிளாம்ப்ல இறுக்கிப் பிடிச்சு, அது கிளப்ல இருந்தா கோச் மேற்பார்வையில, ஒவ்வொண்ணுலயும் பத்துப் பத்து ஷாட் ரெண்டு மூணு தடவை சுடச் சொல்லுங்க. எந்த டப்பா பத்தையும் ஒரே ஓட்டையா போடுதோ, அந்தத் தயாரிப்பு எண்ணையே சீசன் முழுக்க வாங்கி வைங்க. ஒரே பேரல் ஒரு எண்ணை விரும்பும், இன்னொண்ணைத் துப்பும். காரணம் தேடிக் கஷ்டப்பட வேண்டாம், சுட்டுப் பார்த்தா தெரிஞ்சுடும். கோணல், நசுங்கல், எடை எல்லாத்தையும் ஒரே நேரத்துல சோதிக்கிற தராசு அந்த டார்கெட்தான்.

பொண்ணு சராசரி 10.3ஐத் தாண்டி மாநில அளவுக்குப் போனா, அப்போ எடைக்கு வாங்க. அப்பவும் ரெண்டு விஷயம். 0.01 கிராம் காட்டுற மலிவான பாக்கெட் தராசு உதவாது. அதோட ஒரு படி 10 மில்லிகிராம், நாம தேடுறதே 5 மில்லிகிராம். 0.001 கிராம் காட்டணும், நகைக்கடையில இருக்கிற மாதிரி. தெரிஞ்ச நகைக்கடைக்காரர் இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்கார இடம் கேட்டுப் பாருங்க, வாங்கவே வேண்டாம். ஃபேனை நிறுத்திட்டு நிறுங்க. அந்தத் தராசுக்கு ஃபேன் காத்தே ஒரு எடை. ஒரு டப்பாவுல அம்பது எடுத்துப் போடுங்க. அம்பதும் ஒட்டி நின்னா அத்தோட விட்டுடுங்க, மிச்சம் 450ஐ நிறுக்கிறது நேர விரயம். ஒண்ணு ரெண்டு தனியா கீழே போனா, போட்டிக்கு வேணுங்கிற அறுபதை மட்டும் நிறுத்து எடுத்துக்கிட்டு, விலகினதைப் பயிற்சிக்குத் தள்ளிடுங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு, இதைக் கட்டாயம் செய்யுங்க. பெல்லட் ஈயம். சாப்பாட்டு மேஜையில, மாவு நிறுக்கிற தராசுத் தட்டுல போட்டு நிறுக்காதீங்க. தனித் தட்டு, தனித் துணி. வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் முறுக்கு, கடலை எதுவும். சின்னப் பசங்க பெல்லட்டை வாயில போடுற பழக்கம் சில கிளப்லயே நான் பார்த்திருக்கேன், கை காலியா இருக்கட்டும்னு உதட்டுல கவ்விக்கிட்டு நிப்பாங்க. ஈயம் உடம்புக்குள்ள போனா லேசுல வெளியே வராது, வளர்ற பிள்ளைங்களோட மூளையைத்தான் முதல்ல பாதிக்கும். அந்தப் பழக்கத்தைப் பார்த்த இடத்துலயே நிறுத்துங்க.

அடுத்த எபிசோட்ல ட்ரிகர் எடை பத்திக் கேட்ட மூணு கேள்வியை எடுத்துக்கிறேன்.